சீட்டுக்கடியில் ஸ்பிரிங்

இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளை விட்டு இறங்கினார் வெங்கடரமணன்.

“வாங்க தாத்தா,” என்றாள் மனைவி வசுந்தரா. அவருக்கு வயது நாற்பத்தாறு.

பழங்காநத்தத்தில் பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டியவர்கள், மூடும்போது மண்ணை மேடாகக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். சிம்மக்கல்லில் அவர் வேலை பார்க்கும் சேலைக் கடைக்கு அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். மற்ற தெருக்களை இன்னும் மூடவே இல்லை.

மேடு இருந்தது கண்ணுச்சாமி வீட்டு வாசலுக்கு நேரே. அது தனி வலி.

இருவரும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போன கூட்டாளிகள். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கண்ணுச்சாமி புது வீடு கட்டிக் குடிபோன அன்று, வெங்கடரமணன் சாப்பிடாமல் கிளம்பினார். “எங்க வீட்டுச் சோறு உள்ள இறங்காதோ?” என்று ஊரறியக் கேட்டுவிட்டார் கண்ணுச்சாமி. அன்று ஏகாதசி விரதம். அதைச் சொல்லியிருக்கலாம். ‘என்னைப் பார்த்தா கேட்டான்?’ என்ற கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து, முதலில் முகம் கொடுப்பவன் தோற்றவன்.

கோயில் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் சைக்கிளைப் பார்த்தார் வெங்கடரமணன். சீட்டைத் தாங்கும் குழாய்க்குள் ஸ்பிரிங். மேடு பள்ளம் எதுவும் இடுப்புக்கு ஏறாதாம். சைக்கிள் கடை மலைச்சாமியிடம் விவரம் சொல்லி, பழைய மொபெட்டின் ஸ்பிரிங் ஒன்றையும் கொடுத்தார். சாயங்காலம் சைக்கிள் தயாராக இருந்தது. ஏறி உட்கார்ந்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலை மேட்டில் ஏறினார். இறங்கினார். இடுப்பு வலிக்கவில்லை. ஆனால் தலை ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கண்ணுச்சாமி பேப்பரை இறக்கினார்.

“வணக்கம் வச்சீங்களாமே?” என்றாள் வசுந்தரா ராத்திரி. “தங்கப்பொண்ணு குழாயடியில சொன்னா. அவ புருஷன் காலையில இருந்து ஒரு மாதிரி இருக்காராம்.”

“நான் வைக்கல. ஸ்பிரிங் ஆட்டுச்சு.”

“ஆட்டும், ஆட்டும்.”

மறுநாள் மெதுவாகப் போனார். தலை நிதானமாக, ஆழமாகத் தாழ்ந்தது. கண்ணுச்சாமியும் பதிலுக்குத் தலையசைத்தார்.

அதற்கடுத்த நாள் வேகமாக மிதித்தார். தலை மூன்று முறை ஆடியது. கண்ணுச்சாமி எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

வியாழக்கிழமை யோசித்துவிட்டுப் போனார். சீட்டில் உட்கார்ந்தால்தானே ஆட்டும்? மேடு வந்ததும் பெடலில் எழுந்து நின்றுகொண்டார். தன்னைக் கண்டதும் ஒருவர் எழுந்து நிற்பதைக் கண்ணுச்சாமி பார்த்தார். இரண்டு கையும் கூப்பினார்.

“நாளைக்கு வம்பே வேணாம், இறங்கித் தள்ளிட்டுப் போயிருவேன்,” என்றார் வெங்கடரமணன் வீட்டில்.

வசுந்தரா சலவைச் சட்டையாக எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேட்டுக்கு முன்பே இறங்கி, தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளினார். பாதி மேட்டில் சைக்கிள் நகரவில்லை. ஹேண்டில்பாரை ஒரு கை பிடித்திருந்தது.

“மாப்ள,” என்றார் கண்ணுச்சாமி. “எங்கய்யா காலத்துல, நாங்கதேன் அடுத்தவுக தெருவுல சைக்கிள விட்டு இறங்கித் தள்ளிட்டுப் போவோம். ஏறிப் போனா அடி விழுகும். நீ எதுக்குய்யா என் வீட்டு முன்னால இறங்குற?”

‘ஸ்பிரிங்’ என்று சொல்ல வாயெடுத்தார் வெங்கடரமணன். கண்ணுச்சாமியின் கண்ணைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பிறகு வேறொன்றைச் சொன்னார். “அன்னைக்கு ஏகாதசி மாப்ள.”

“என்னைக்கு?”

“நீ வீடு குடிபோன அன்னைக்கு. விரதம்.”

கண்ணுச்சாமியின் கை ஹேண்டில்பாரை விட்டது.

“அட வெளங்காதவனே! அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“நீ கேட்ட கேள்விக்கு விரதத்தச் சாட்சிக்குக் கூப்பிடணுமாக்கும்?”

“கேட்டது தப்புத்தேன். இன்னைக்கு என்ன ஏகாதசி?”

“இன்னைக்கு ஒண்ணுமில்ல.”

“ஏத்தா தங்கப்பொண்ணு! இட்லி ஊத்து!”

இட்லி வந்துகொண்டே இருந்தது. தங்கப்பொண்ணு சட்னிச் சட்டியைப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். அன்று சிம்மக்கல் கடையை வேறு யாரோ திறந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கடரமணன் சைக்கிளை மலைச்சாமி கடையில் நிறுத்தினார். பின் கேரியரிலிருந்து கண்ணுச்சாமி இறங்கி, எதிர்க் கடையில் டீ சொல்லப் போனார். அவர் கேட்காத தூரத்துக்குப் போகும்வரை காத்திருந்து, வெங்கடரமணன் மெல்லச் சொன்னார்.

“தம்பி, அந்த ஸ்பிரிங்கக் கழட்டிரு. அது ஆட்டி ஆட்டித்தான் இம்புட்டும் நடந்துச்சு. இனிமே தலைய நானே ஆட்டிக்கிறேன்.”

மலைச்சாமி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். சுவரைக் காட்டினான்.

“அண்ணே, அது குழாய்க்குள்ள நுழையவே இல்ல. அந்தா ஆணியில தொங்குது பாருங்க. நீங்க ஏறி உக்காந்ததுமே சிரிச்சீங்களா, சொல்ல மனசு வரல.”