வாசற்படியில் எட்டுப் பேர்

ரோமாபுரிக்கு ஒரு வரலாறு உண்டு என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் திரம்ளிக்கு இரண்டு உண்டு.

லங்காஷயரில் ஒரு பருத்தி ஆலையும், ஓயாத மழையும், இரண்டு கோயில்களும் சேர்ந்தால் திரம்ளி. புனித ஆஸ்வின் கோயிலுக்கு ஒரு சேகரம், புனித பீகா கோயிலுக்கு ஒரு சேகரம். சேகரம் என்றால் கோயிலின் ஆளுகை எல்லை; அதற்குள் பிறப்பவர்களும் இறப்பவர்களும் அந்தந்தக் கோயிலுக்குச் சொந்தம். இரண்டையும் ஒரே புத்தகத்தில் அடக்கும் மாபெரும் பணிக்காக 1966-இல் அமைக்கப்பட்ட 'வரலாற்றுக் குழு'வின் கௌரவச் செயலாளர் ஹோரஸ் கிரீவ், அதாவது அடியேன்.

ஏழு ஆண்டுகளில் நாற்பத்தொரு கூட்டம் நடத்தினோம். ஆலையின் புகைபோக்கி யாருக்குச் சொந்தம் என்பதற்கே பதினொன்று. அது நிற்பது ஆஸ்வினில், நிழல் விழுவது பீகாவில். "நிழல் இல்லாம என்னய்யா வரலாறு?" என்று பீகா கோயில் நிர்வாகி வில்ஃப் டாட்டர்சால் மேசையைத் தட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆலையை நிறுவிய ஜோசையா திரெல்ஃபால் பீகாவில் பிறந்து ஆஸ்வினில் அடக்கமானவர். ஆகவே இரு கோயிலிலும் அவருக்குச் சலவைக்கல் பலகை உண்டு. அவருடைய பேரன் இப்போது இரு கோயிலுக்கும் கூரை மாற்றித் தருகிறார் என்பது வேறு விஷயம்.

நாற்பத்திரண்டாவது கூட்டத்தில் எனிட் கிளெக் எழுந்தார். எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருடம் தறி ஓட்டியதில் காது போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை.

"ஏம்ப்பா ஹோரஸ், 1908-ல நெசவுக் கூடம் பத்திக்கிட்டு எட்டுப் பொண்ணுங்க செத்துச்சே, அதுல எங்க அக்கா நெல்லியும் ஒருத்தி. பதினாலு வயசு. ஏதாவது ஒரு கோயில் சுவத்துல அந்த எட்டுப் பேரையும் வெட்டி வையுங்க. நான் கண்ண மூடுறதுக்குள்ள பாத்துடணும்."

நியாயமான கோரிக்கை. ஆகவே உடனே சிக்கலாகிவிட்டது.

"கண்டிப்பா செய்யணும் எனிட் அக்கா," என்றார் ஆஸ்வின் நிர்வாகி ஏர்னஸ்ட் ஹிண்டில். "ஆனா அந்தக் கூடம் பீகா பக்கமாச்சே."

"எங்க பக்கமா? புகைபோக்கி உங்களுதுன்னா கூடமும் உங்களுதுதான்!" என்றார் வில்ஃப்.

ஆண்டவர் விண்ணேறிய திருநாளில் அளந்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆண்டுதோறும் அன்றைக்கு இரு சேகரத்தாரும் கையில் கம்புடன் எல்லையைச் சுற்றி வந்து, எல்லைக்கற்களை ஓங்கி அடிப்பார்கள். அடித்த வேகத்தில் கல் ஒரு முழம் நகர்வதும் உண்டு, எப்போதும் அடுத்தவன் மண்ணுக்குள். இந்த ஆண்டு மட்டும் கற்கள் தத்தம் சேகரத்துக்குள்ளேயே பின்வாங்கின.

"இந்தக் கிடங்கையும் நீங்களே வெச்சுக்குங்க வில்ஃப்."

"நமக்குள்ள என்ன ஏர்னஸ்ட்? கால்வாய்க் கரை வரைக்கும் எடுத்துக்குங்க."

இத்தனை தாராள மனசைத் திரம்ளி கண்டதில்லை. கூடத்தின் கரிந்த சுவரருகே வில்ஃப் குனிந்து ஏர்னஸ்டின் காதில் எதையோ கிசுகிசுத்தார். முப்பது கெஜம் தள்ளி நின்ற எனிட் சிரித்தார். தறி இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிய பெண்களிடம் ரகசியம் செல்லாது.

"பேரை வெட்டுனா திரெல்ஃபால் பேரன் கூரையைப் பாதியில விட்டுடுவானா? அடுத்த தடவை மீசை வளத்துக்கிட்டுச் சொல்லு வில்ஃப், எனக்குப் புரியாது."

வில்ஃப் இருமினார். அளவு நாடாவை இழுத்தோம். எல்லைக்கோடு கூடத்தின் வாசற்படி மேலேயே ஓடியது. கதவுக்கு உள்ளே ஆஸ்வின், வெளியே பீகா. எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தது அந்தக் கதவடியில்தான்.

"உள்ளதான் கிடந்தாங்க, ஒத்துக்கறேன்," என்றார் ஏர்னஸ்ட். "ஆனா அவங்க எங்க சேகரத்தை விட்டுக் கிளம்பிட்டாங்களே!"

"கிளம்பினாங்க சரி, எங்க சேகரத்துக்கு வந்து சேரலையே!" என்றார் வில்ஃப்.

என் குறிப்பேடு இதைவிடத் துல்லியமான வாதத்தைக் கண்டதில்லை. "மேற்படி எண்மர் இடப்பெயர்ச்சியில் இருந்தமையால் எச்சேகரத்தையும் சாரார்" என்று கூட்ட அறைக்குத் திரும்பியதும் தீர்மானம் எழுதினேன்.

எனிட் அதை இரண்டு முறை படித்தார்.

"கிளம்பினவங்க ஏன் வந்து சேரலன்னு ஒருத்தரும் கேக்கலையேப்பா? வேலை நேரத்துல எவளும் வெளிய போயிடக் கூடாதுன்னு கதவை வெளிப்பக்கம் பூட்டி வெச்சிருந்தான். சாவி அந்தத் திரெல்ஃபால் சட்டைப்பையில இருந்துச்சு. எங்கம்மா கதவைத் தட்டித் தட்டிக் கை வெந்து வந்தா."

இது ஆவணமல்ல, 'நினைவுகூரல்' மட்டுமே என்று குழு மரியாதையுடன் பதிவுசெய்தது. பிறகு அந்தத் தீர்மானத்தின் மேல், அதாவது எந்தச் சுவரிலும் பெயர் வேண்டாம் என்பதன் மேல், வாக்கெடுப்பு. நூறு ஆண்டாக எதிலும் ஒத்துப்போகாத இரு சேகரங்களும் அன்று ஒன்றாகக் கை தூக்கின. பதினொரு கைகள். பன்னிரண்டாவது என்னுடையது, எனிட்டைப் பார்க்க வெட்கப்பட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தூக்கினேன்.

திரெல்ஃபாலுக்கு அன்றைக்கு ஒரு சாவி தேவைப்பட்டது. நாங்கள் அந்தக் கதவை வெறுங்கையாலேயே பூட்டிவிட்டோம்.