வெள்ளைக் கண் அம்மாவும் சிவப்புக் கண் பிள்ளையும்

என் பொண்டாட்டியை பெங்களூருக்கு அனுப்பவே கூடாதுன்னு உறுதியா முடிவெடுத்தேன். முடிவை அவகிட்ட மட்டும் சொல்லல.

ஹெலன், மீஞ்சூர் பக்கம் ஒரு காலேஜ்ல விலங்கியல் வாத்தியாரம்மா. பெங்களூருல ஒரு மாசம் ட்ரெயினிங். முடிச்சுட்டு வந்தா டிபார்ட்மென்ட்டுக்கே தலைவி ஆயிடுவா. சந்தோஷம்தான். ஆனா ஒரு மாசம் எனக்கு யாரு சோறு போடறது? நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கிரேன் ஓட்டுறவன். லாரி கனத்துக்கு இரும்பை அசால்ட்டா தூக்குவேன். பால் பொங்கினா மட்டும் எகிறிக் குதிச்சு வெளிய ஓடுவேன்.

"எனக்கு சுடுதண்ணியே வெக்கத் தெரியாதேமே!"

"அதாங்க எனக்கும் கவலை" அப்படின்னா.

அவ கவலையை நம்பி உக்கார முடியுமா? வழி தேடினேன். வழி பறந்து வந்துச்சு.

ட்ரெயினிங்குக்கு வர்றவங்க ஆளுக்கொரு கலப்பு ஆராய்ச்சி முடிச்சு, ரிசல்ட்டோட வரணுமாம். காலேஜ் லேப்ல பெயின்ட் அடிக்கிறாங்கன்னு ஹெலன் பாட்டிலை எல்லாம் ஊட்டுக்கே கொண்டாந்துட்டா. உள்ள பூரா பழ ஈ. வாழப்பழம் அழுகினா மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. கம்பெனில ஆர்டர் இல்லாம ஈ ஓட்டிக்கினு இருந்தேன். ஊட்டுக்கு வந்தா இங்க ஈ வளக்குறாங்க.

"இன்னாமே இது பேஜாரு?"

"அம்மா ஈக்கு வெள்ளைக் கண்ணு. அப்பா ஈக்கு சிவப்புக் கண்ணு. ரெண்டுத்தையும் சேத்து உட்டிருக்கேன்."

"சர்ச்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சா?"

அவ சிரிக்கல. "பொறக்கற பொண்ணுங்க எல்லாம் சிவப்புக் கண்ணு. பையனுங்க எல்லாம் அம்மா மாதிரி வெள்ளைக் கண்ணு. மாறவே மாறாது."

"அப்போ பையனுக்கு அப்பன் இன்னாதான் குடுக்கறான்?"

"நீ பையன்டான்னு சொல்ற குரோமோசோம் ஒண்ணு குடுக்கறான். அதுல கண்ணு கலரு கெடையாது."

பாட்டிலுக்குள்ளயும் அப்பன் நெலமை அதேதான்.

ஆனா மூளையில மணி அடிச்சுது. சிவப்புக் கண்ணோட ஒரு பையன் பாட்டில்ல இருந்துட்டா? ரிசல்ட் ஊத்திக்கும். பெங்களூரும் ஊத்திக்கும்!

குஞ்சு ஈங்க வெளிய வர ஆரம்பிச்ச நேரம், ஹெலன் பாட்டு பிராக்டிஸுக்கு சர்ச்சுக்குப் போனா. நான் அழுகின வாழப்பழத்தை டம்ளர்ல போட்டு ஜன்னல்ல வெச்சேன். ஊர்ல இருக்கற பொடி ஈ பூரா நாஷ்டாவுக்கு வந்துச்சு, எல்லாத்துக்கும் சிவப்புக் கண்ணு. டம்ளரை மூடி, பாட்டில் வாயில அடைச்சிருந்த பஞ்சை எடுத்து, உள்ள கவுத்தேன். பாதி பாட்டிலுக்குப் போச்சு. பாதி என் மூக்குக்குப் போச்சு.

மறுநாள் ஹெலன் ஈங்களை மயக்க மருந்துல படுக்க வெச்சு லென்ஸ்ல பாத்தா. துள்ளி எழுந்தா.

"இன்னாங்க! இங்க சிவப்புக் கண்ணு பையன் இருக்காங்க!"

"அப்பனை உரிச்சு வெச்சிருக்கானோ?"

"இருக்கவே முடியாதுங்க! அதிசயம்! இவனை உட்டுட்டு நான் எங்க போவேன்? பெங்களூரு கேன்சல்!"

நான் ஈன்னு இளிச்சேன்.

"ஆனா ஒண்ணு. இதுங்களுக்கு வேளாவேளைக்கு சாப்பாடு கிண்டணும். எனக்கு பேப்பர் திருத்தற வேலை இருக்குது. பட்டினியில செத்துப்போச்சுன்னா, வேற வழியில்லாம பெங்களூருக்குத்தான் போவணும்."

"ஐயையோ! சாவக் கூடாது! நான் கிண்டறேன்!"

நானேதாங்க சொன்னேன். யாரும் என் வாயைப் புடுங்கல.

ரவை, வெல்லம், கடல்பாசி, ஈஸ்ட். இதான் ஈ சாப்பாடு. முதல் தடவை சட்டி கருகிப்போச்சு. "இன்னா ஹெலன், ஊடு தீயுதா?"ன்னு பக்கத்து ஊட்டு விக்டோரியா அக்கா ஓடியாந்தாங்க. ரெண்டாவது தடவை அகப்பையை நிமித்தி நட்டா நின்னுச்சு.

"தண்ணி கொதிச்சதும் ரவையை தூவுங்க, கொட்டாதீங்க. சிம்ல வைங்க. கட்டி உழுந்தா ஈ மாட்டிக்கும்!"

ஹெலன் சேர்ல உக்காந்து பேப்பர் திருத்திக்கினே சொல்லுவா. நான் வேர்க்க வேர்க்கக் கிண்டுவேன். கொஞ்ச நாள்ல கை பழகிப்போச்சு. அல்வா மாதிரி வழவழன்னு வந்துச்சு. கம்பெனில எல்லாருக்கும் போட்டோ காமிச்சேன். ஈக்குன்னு மட்டும் சொல்லல.

ஒரு ஞாயித்துக்கெழமை சட்டியும் கையுமா வெளிய வந்தேன். வாசல்ல ஆட்டோ. ஆட்டோவுல பெட்டி. பெட்டி பக்கத்துல ஹெலன்.

"எங்கமே?"

"பெங்களூருக்குங்க."

"அந்த அதிசய ஈ?"

"அதுங்க நம்ம ஜன்னல் ஈதானே? அன்னிக்கு உங்க கையில வாழப்பழ வாசனை கமகமன்னு அடிச்சுது. இன்னொரு செட்டு விக்டோரியா அக்கா ஊட்டு ஷெல்ஃப்ல வெச்சிருந்தேன். பையனுங்க அத்தினி பேரும் வெள்ளைக் கண்ணு. ரிசல்ட் ரெடி."

என் மூஞ்சில ஈயாடல.

"அப்போ... என் சாப்பாடு?"

"ரவையைத்தான் கட்டி உழாம கிண்டறீங்களே! வெல்லத்துக்கு பதிலா உப்பு போடுங்க. பாசியையும் ஈஸ்ட்டையும் உட்டுடுங்க. அதாங்க உப்புமா."

கடுகை எப்போ போடறதுன்னு நான் கேக்கறதுக்குள்ள ஆட்டோ தெருவைத் தாண்டிடுச்சு.