அளவு ஜாக்கெட்

"இன்னும் செத்த இழுங்க."

"எதப் புடிச்சு இழுக்கன்னு சொல்லு. துணி எது, கை எதுன்னே தெரியல."

வியாழக்கிழமை காலை எட்டு மணி. அம்பிகாவின் வலது கை புது ஜாக்கெட்டுக்குள் முழங்கைக்கு மேல் நாலு விரல் தூரம் போய் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கணவர் கமலக்கண்ணன் கட்டிலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பவர் போல இழுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை அவள் தம்பி பாண்டிக்குக் கல்யாணம். அம்மா இறந்தபோது பாண்டிக்கு ஏழு வயது. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, அவனுக்கு முப்பத்தெட்டு வயதாகும் வரை பெண் தேடி அலைந்தவள் அம்பிகாதான். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டையும் அவன் அக்கா போட வேண்டும். அதற்கு மணப்பெண்ணின் பின்னால் குனிந்து நின்று இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். கையே நுழையாத ஜாக்கெட்டில் எதை நீட்டுவது?

"துணி சுருங்கிருச்சு" என்றாள் அம்பிகா.

"தண்ணியே படலையே?"

"தைக்கும்போதே சுருங்கிருக்கும்."

கமலக்கண்ணன் இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் சில கேள்விகளை விழுங்கப் பழகியவர். அடுத்த கேள்வியையும் விழுங்கினார்.

அம்பிகா தன் உடம்பைப் பற்றித் தானே முதலில் ஜோக் அடித்துவிடுகிற ரகம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். "திட்டம் நல்லா நடக்குதான்னு கேக்கவே வேணாம் சார், என்னையப் பாத்தாலே போதும்" என்று ஆய்வுக்கு வரும் அதிகாரியிடமே சொல்வாள். ஆனால் டேப்பைக் கண்டால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடையில் டெய்லர் அவளைச் சுற்றி டேப்பைப் போட்டு எண்ணைச் சத்தமாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் நம்பாமல் "எம்புட்டு?" என்றார். டெய்லர் இன்னும் சத்தமாகச் சொன்னார். கடையில் இருந்த நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அவள் வீட்டுக்கு வந்து அழுதது கமலக்கண்ணனுக்கு மட்டும் தெரியும்.

அதற்கு அடுத்த வருஷம்தான் பேகம்பூர் தையல்காரி நர்கீஸ் கிடைத்தாள். "டேப்பு மட்டும் வேணாம்க்கா. அளவு ஜாக்கெட் தாரேன்" என்று சொல்லும்போதே அம்பிகாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து, அதே அளவில் தைக்கச் சொல்வது ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். நர்கீஸ் மறுபேச்சில்லாமல் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டாள். அம்பிகா நீட்டிய பழைய நீல ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

பதினோரு வருஷமாக அதே நீல ஜாக்கெட் போய் வருகிறது. தைத்து வருவதெல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். "பாத்தீங்களா, என் அளவு மாறவே இல்ல" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கணவரிடம் சொல்வாள். நீல ஜாக்கெட்டை மட்டும் அவள் போடுவதில்லை. போட்டால் அளவு கெட்டுவிடுமாம்.

நர்கீஸிடம் போவதில் இன்னொரு சுகமும் உண்டு. வாசலில் கண்டதுமே, "வாம்மா அம்பிகா, எளச்சிட்டியே!" என்று இரண்டு கைகளாலும் வளைத்து அணைத்துக்கொள்வாள். தோளைப் பிடிப்பாள். மேல்கையை அமுக்கிவிடுவாள். "செத்த இரு, டீ கொண்டாறேன்" என்று உள்ளே ஓடுவாள். நாற்பத்தாறு வயதுப் பெண்ணை இந்த ஊரில் வேறு யார் கட்டிப்பிடிக்கிறார்கள்? கமலக்கண்ணன் கடைசியாகக் கட்டிப்பிடித்தது கொடைக்கானலில். அதுவும் குளிருக்காக.

இந்தத் தடவை பார்த்து, மூத்த மகளின் பிரசவத்துக்கென்று நர்கீஸ் வாணியம்பாடி போய்விட்டாள். வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகக் கடை போட்ட உடையப்பனிடம் கல்யாணப் பட்டின் ஜாக்கெட் துணியையும் நீல ஜாக்கெட்டையும் கொடுத்தாள். அதனால்தான் இப்போது கட்டிலில் கமலக்கண்ணனின் கால்.

ஒருவழியாகக் கையை உருவிக்கொண்டு நேரே உடையப்பனிடம் போனாள்.

"என்ன தச்சிருக்கீங்க? கொலுப் பொம்மைக்கா கேட்டேன்?"

உடையப்பன் நீல ஜாக்கெட்டை மேசையில் விரித்தார். புது ஜாக்கெட்டை அதன் மேல் விரித்தார். ஒரு நூல் பிசகவில்லை.

"இது உங்க ஜாக்கெட்டுதானம்மா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியோடதா?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க தாயி. உள்ள ரூம் இருக்கு. இந்த நீலத்தப் போட்டுட்டு வந்து நில்லுங்க. பத்துச்சுன்னா நான் இன்னையோட கத்திரியக் கீழ வச்சிர்றேன்."

அம்பிகாவுக்குத் திடீரென்று நிறைய வேலை ஞாபகம் வந்தது. "அதுக்கெல்லாம் நேரமில்ல. உள் தையலப் பிரிச்சு விடுங்க."

பிரித்துவிட்டார். சாயங்காலம் போட்டுப் பார்த்தாள். கை நுழைந்தது. மூச்சுதான் நுழையவில்லை. பழைய தையல் போன தடம் இரண்டு பக்கமும் எறும்பு வரிசை மாதிரித் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கொள்ளு ரசம் மட்டும்தான் என்று முடிவெடுத்தாள். மத்தியானம் எதிர்வீட்டில் பிரியாணிக்குத் தம் போட்டார்கள். உதவிக்குப் போனவள் உப்பு பார்த்தாள். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தட்டும் பார்த்தாள்.

கல்லூரி விட்டு வந்த மகள் ஹரிணி ஒரு ரெடிமேட் ஜாக்கெட் வாங்கி வந்தாள். இழுத்தால் விரிகிற துணி. எல்லா உடம்புக்கும் பொருந்தும் என்று அட்டையில் எழுதியிருந்தது. எழுதியவர் அம்பிகாவைப் பார்த்ததில்லை. கையைத் தொங்கப்போட்டு நிற்கும்வரை ஒழுங்காக இருந்தது. கையை நீட்டினால் கடை ஷட்டர் மாதிரி மேலே ஏறியது.

அந்த நேரம் பார்த்து ஒட்டன்சத்திரத்திலிருந்து சித்தப்பா மகள் ஜக்கம்மாள் போன் செய்தாள். காற்றடித்தால் கூடவே போகிற உடம்பு அவளுக்கு.

"ஏனுங்கக்கா, ஜாக்கெட்டு சேரலீங்களாமா? மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. அந்த ரெண்டு முடிச்சையும் நான் போட்டுக்கறனுங்க."

அம்பிகா போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

"அந்தப் பேப்பரக் கீழ போடுங்க. இப்பவே ஒத்திகை பாக்கணும். இந்தச் சேர்ல உக்காருங்க."

"எதுக்கு?"

"நீங்கதான் பொண்ணு."

உடையப்பன் தைத்த ஜாக்கெட்டில் கொக்கிக்குப் பதில் ஊக்குகளைக் குத்திக்கொண்டு அம்பிகா பின்னால் நின்றாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கமலக்கண்ணன் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஹரிணி தாலிக்குப் பதில் ஒரு சணல் கயிற்றை அவர் கழுத்தில் போட்டபோது பாண்டி உள்ளே வந்தான்.

"என்ன அத்தான் இது?"

"கேக்காத மாப்ள. எனக்கே வெக்கமா இருக்கு."

அம்பிகா கைகளை நீட்டினாள். 'டர்ர்' என்றது. முதுகில் தோளிலிருந்து தோள் வரை காற்று வந்தது.

எல்லோரையும் முந்திக்கொண்டு அவள்தான் சிரித்தாள். "நல்லதாப் போச்சு, இனிமே மூச்சு விடலாம்." சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண்கள் நிறைந்துவிட்டன. "ஜக்கம்மாளே போடட்டும்டா பாண்டி. போட்டோவுலயும் எடம் மிச்சமாகும்."

பாண்டி கயிற்றை எடுத்துச் சுருட்டினான். "நீ நைட்டியோட வந்தாலும் நீதான்க்கா போடணும். இல்லேன்னா நான் தாலியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன்."

சனிக்கிழமை காலை, கிழிந்த ஜாக்கெட்டும் நீல ஜாக்கெட்டும் பையில் இருக்க, அம்பிகா பேகம்பூருக்குப் போனாள். நர்கீஸின் இளைய மகள் ஹுஸ்னா கதவைத் திறந்தாள். அம்மாவிடம் தொழில் பழகுகிறவள்.

"அம்மா நாளைக்குத்தான் வாராங்க ஆன்ட்டி. ஊர்ல இருந்து நேரா மண்டபத்துக்கே வந்துர்றேன்னாங்க."

வாசலில் நின்றபடியே அம்பிகா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். ஹுஸ்னா கொஞ்சம் தயங்கினாள். பிறகு கைகளை விரித்து அம்பிகாவைக் கட்டிக்கொண்டாள். விட்டாள். ஏதோ யோசித்தாள். மறுபடியும் கட்டிக்கொண்டாள். மேல்கையையும் பிடித்து அமுக்கிவிட்டாள். தாய் மாதிரியே மகளுக்கும் மனசு தாங்கவில்லை என்று அம்பிகா நெகிழ்ந்துபோனாள்.

"செத்த இருங்க, டீ கொண்டாறேன்."

டீயோடு வந்தவள் கிழிந்த ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பார்டரு நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட இதே அரக்குல துணி கெடக்கு. அதுல தச்சு, இந்தப் பார்டரக் கையில வச்சிர்றேன். நாலு மணிக்கு வாங்க."

"அளவு ஜாக்கெட் வேணாமா?"

"அட, ஆமால்ல. குடுங்க." நீல ஜாக்கெட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தாள்.

நாலரை மணிக்கு வீட்டுக் கண்ணாடி முன்னால் அம்பிகா நின்றாள். கழுத்து சரியான இறக்கத்தில் இருந்தது. முழங்கை வரை வந்த கையில் ஜரிகை பார்டர் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தது. எங்கும் சுருக்கமில்லை, எங்கும் பிதுங்கவில்லை. கையை நீட்டினாள், தூக்கினாள், கமலக்கண்ணனின் தலைக்கு மேல் பரணில் இருந்த டப்பாவைக்கூட எடுத்துப் பார்த்தாள்.

"அழகா இருக்க" என்றார் கமலக்கண்ணன். கொடைக்கானல் குளிர் இல்லாமலே சொன்னார்.

"பாத்தீங்களா? அளவு ஜாக்கெட்டுல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் அந்த உடையப்பன் கை செஞ்ச வேல!"

அவர் இதையும் விழுங்கினார்.

ஞாயிறு காலை கெட்டிமேளம் முழங்க, பாண்டி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அம்பிகா குனிந்து கைகளை நீட்டி இரண்டாவது முடிச்சைப் போட்டாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதையும் இறுக்கினாள். ஜாக்கெட் முனகக்கூட இல்லை. பக்கத்தில் கைகளைத் தயாராக வைத்திருந்த ஜக்கம்மாள் வேறு வழியின்றி அட்சதை போட்டாள்.

பந்தி தொடங்கும் நேரத்தில் ஊர்ப் பையும் கையுமாக நர்கீஸ் வந்தாள். கூடவே ஹுஸ்னா. மண்டப வாசலிலேயே நர்கீஸ் கைகளை விரித்தாள்.

"வாம்மா அம்பிகா, எளச்சிட்டியே!"

அம்பிகா ஓடிப்போய் அந்தக் கைகளுக்குள் புகுந்துகொண்டாள். ஒப்பனை கலைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"நர்கீஸக்கா, உங்க மக இல்லேன்னா இன்னைக்கு நான் அந்த மேடையில நின்னுருக்க மாட்டேன். ஊரே என்னைய ஏற எறங்கப் பாத்து எட போடும். பதினோரு வருஷமா, எடையும் பாக்காம அளவும் பாக்காம என்னையக் கட்டிப்புடிச்சது நீங்க ஒருத்திதான்க்கா!"

நர்கீஸ் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். அப்போது ஹுஸ்னா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் காதருகே குனிந்தாள். அம்மாவின் காதில்தான் சொன்னாள். ஆனால் அம்பிகாவின் காதும் அங்கேயேதான் இருந்தது.

"ம்மா, டேப்ப எடுத்தா ஆன்ட்டி மனசு ஒடஞ்சு போவாங்க, கட்டிப்புடிச்சே அளந்துக்கன்னு சொல்லிக் குடுத்தீங்கள்ல, நேத்து ரெண்டு தடவ கட்டிப்புடிச்சு எழுதியிருக்கேன், சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."