நூற்றியெண்பத்திரண்டு காட்டிய கைமணிக்கூடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார் என்ன சொல்லிச் சிரித்தாலும் இந்தக் கைமணிக்கூட்டை நான் கழற்றப்போவதில்லை. கனகராயன்குளத்தில் பாதிப் பேர் என்னைக் கண்டால், "அண்ணை, உயிரோடதான் இருக்கிறீங்களோ?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

கொழும்பில் வேலை செய்யும் மகள் என் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வாங்கி வந்தது அது. நேரம் மட்டுமல்ல, நடந்த காலடி, தூங்கிய நேரம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் காட்டும். அடியில் பச்சை வெளிச்சம் மின்னும். அந்த வெளிச்சம் தோலுக்குள் ஓடும் இரத்தத்தைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறதாம்.

"அப்பா, மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேல இறுக்கிக் கட்டோணும். தொளதொளவெண்டு விட்டா பிழையாக் காட்டும்" என்றாள் மகள். நன்றாகத் தலையாட்டினேன். அவள் பஸ் ஏறியதும் காப்பு மாதிரித் தொங்கவிட்டேன். (இறுக்கினால் வேர்க்கிறது. அத்தோடு, தொங்கினால்தானே நாலு பேர் பார்ப்பார்கள்!)

மணிக்கூட்டிலும் நல்ல குணங்கள் இருந்தன. அதற்குக் கணக்குக் காட்டவே தினமும் மாலையில் குளக்கட்டில் நடந்தேன். ஆனால் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு எஞ்சினைப் பிடித்து உழுத நாளில் அது இருபத்தையாயிரம் காலடி காட்டியது. எஞ்சின் கையைக் குலுக்கிய குலுக்கலையெல்லாம் நடையாக எண்ணிவிட்டது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் புவனாவிடம் பெருமையடித்தேன். புவனா என் மனைவி. என் பெருமைகளை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த வருட மாரி மழையோடு, காலபோக நெல் விதைப்புக்கு வயலை உழுதுகொண்டிருந்தேன். மணிக்கூடு திடீரென்று அதிர்ந்தது. பார்த்தால், நெஞ்சுத் துடிப்பு நூற்றியெண்பத்திரண்டு!

எஞ்சினை நிறுத்திவிட்டு வரம்பில் குந்தினேன். நெஞ்சில் நோவில்லை, மூச்சு முட்டவில்லை. ஆனால் மணிக்கூடு பொய் சொல்லுமா? பயத்தில் இப்போது நெஞ்சு உண்மையாகவே அடிக்கத் தொடங்கியது. சேற்றுக் கையால் மணிக்கூட்டை மேலும் அடியும் துடைத்தேன். இலக்கம் மறைந்து, இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் நின்றன.

கோடு! என் இதயம் நின்றுவிட்டது.

வீட்டை நோக்கி ஓடினேன். (இதயம் நின்றவன் அரைக் கிலோமீட்டர் ஓடியதை அப்போதே யோசித்திருக்கலாம்.)

எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருப்பவன் பக்கத்து வீட்டுச் சிவராசா மட்டும்தான். அவனோடும் அவன் மனைவி ராணியோடும் புவனா கதைத்து மூன்று வருடம். புவனா பிள்ளை போல வளர்த்த மிளகாய்த் தோட்டத்துக்குள் மாடுகள் புகுந்து ஒரு கன்று விடாமல் மேய்ந்த நாளோடு கதை நின்றது. அன்று மண்வெட்டி இரவல் கேட்டு வந்த சிவராசாதான் வேலிப் படலையைத் திறந்துபோட்டுப் போனான் என்பது அவள் முடிவு. அப்படிப்பட்டவள் அன்று வேலிக்கு மேலால், "தம்பி சிவராசா! ஓடி வாங்கோ! இவருக்கு ஏலாதாம்!" என்று கத்தினாள்.

அவன் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தான்.

ஓட்டோ ஏ9 வீதியில் பறந்தது. புவனா என் கையைப் பிடித்து அழுதாள். சாகப்போகிறவன் உண்மையைச் சொல்லிவிட வேண்டாமா? சொன்னேன்.

"இஞ்சேரப்பா, அண்டைக்குப் படலையைத் திறந்துபோட்டுப் போனது நான்தான். சிவராசா இல்லை."

ஓட்டோ சடாரென்று நின்றது. பின்னால் வந்த லொறிக்காரன் திட்டிக்கொண்டு விலத்திப் போனான். சிவராசா திரும்பினான்.

"அண்ணை, அப்ப மூண்டு வருசமா என்ர மனுசி உங்கட வீட்டடியால தலையைக் குனிஞ்சுகொண்டு போனது எதுக்கு?"

புவனா என் கையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்கள் ஓட்டோவை எடுங்கோ தம்பி. முதல்ல ஆள் பிழைக்கட்டும். பிறகு நான் கொல்லுறன்."

ஆசுப்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். டொக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். தாதி என் நாடியில் விரலை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள். எண்பத்துநாலு. பிறகு என் மணிக்கூட்டின் அடியில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்து, வாரை இரண்டு ஓட்டை தள்ளி இறுக்கிக் கட்டினாள். அதுவும் எண்பத்துநாலு காட்டியது!

"சும்மா இருக்கேக்க இது ஓரளவு சரியாச் சொல்லும் ஐயா. லாண்ட்மாஸ்டரைப் பிடிச்சுக்கொண்டு பாத்தா எஞ்சின்ர நாடியைத்தான் சொல்லும். ஆனா நெஞ்சு நொந்தா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, நேர வாங்கோ."

அதே ஓட்டோவில் திரும்பினோம். பாதி வழியில் மணிக்கூடு மறுபடி அதிர்ந்தது. சிவராசா கண்ணாடியில் பார்த்தான்.

"இப்ப என்னவாம்?"

"கனநேரம் இருந்திட்டனாம். எழும்பி நடக்கட்டாம்" என்றேன்.

அவன் ஓட்டோவை ஓரங்கட்டினான். "அப்ப இறங்கி நடவுங்கோ அண்ணை."

"ஓம் தம்பி, இறக்கி விடுங்கோ" என்றாள் புவனா. மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விசயம் அது.

சேறு படிந்த சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு ஏ9 வழியே நாலு கிலோமீட்டர் நடந்தேன். அத்தனையும் அசல் காலடி, ஒன்றைக்கூட எஞ்சின் போடவில்லை. ஒழுங்கைக்கு வந்தபோது புவனா எங்கள் வீட்டில் இல்லை. ராணியின் அடுப்படிக் குசினி வாசலில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணும் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் ராணி முந்தானையால் வாயைப் பொத்தினாள். புவனா பொத்தவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் எது காணாமற் போனாலும் விசாரணை ஒரே மாதிரித்தான். என்னைக் கதிரையில் இருத்தி, மணிக்கூட்டை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கேட்பார்கள்; நாடி ஏறினால் கள்ளன் நான்தான். போன வெள்ளி, ராணி படையலுக்கு அவித்து வைத்த மோதகத்தில் மூன்று குறைந்துபோயிற்று.

"இஞ்சாருங்கோ, கையைக் காட்டுங்கோ" என்றாள் புவனா. ராணி இலக்கத்தை வாசித்தாள்: "தொண்ணூற்றாறு!" இரண்டு வீடும் சிரித்தது.

குற்றமில்லாதவனுக்கும் பயத்தில் நாடி ஏறும் என்று எத்தனை தரம் சொல்வது? அந்த மோதகத்தை நான் தொடவேயில்லை. தின்றது சிவராசா. அவன் கையில் மணிக்கூடு இல்லை, அவ்வளவுதான்.