இரண்டு ரிசீவரும் ஒரு மழையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமென்று நம்புகிறேன். நானும் நலம்தான்.

பிள்ளைகளின் கல்யாணத்துக்கு நாம் இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கம்பெனி ஹோம் தியேட்டரைக் கொடுத்தோம். ஸ்பீக்கர்களைப் பாடவைக்கும் ரிசீவர் பெட்டியில் என்னுடையது பிள்ளைகள் வீட்டு ஹாலில் இருக்க, தங்களுடையது பரணில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் தாங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் இன்று அவர்கள் வேலைக்குப் போனதும் ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, தங்களுடையதை இறக்கித் துடைத்தேன். இருவருக்கும் சரிசமமான மரியாதை என்று ஒரே ஸ்பீக்கரில் இரண்டின் ஒயரையும் சொருகப் போனேன். மெக்கானிக் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டும் புகைஞ்சு போயிரும் சார். ஒண்ணு தலைமை, ஒண்ணு துணை. எது தலைமை, சொல்லுங்க." நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு தங்களுடையதைக் காட்டினேன். முன் ஸ்பீக்கர்கள் தங்களுக்கு, பின் ஸ்பீக்கர்கள் எனக்கு. தாங்கள் சொல்வதை ஒரு ஒயர் வழியாகக் கேட்டு நான் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அதற்கும் ஒப்புக்கொண்டேன். ஆனால் ரிமோட்டை அமுக்கினால் தங்களுடையது எழுந்தது, என்னுடையது படுத்தது. மறுபடி அமுக்கினால் என்னுடையது எழுந்தது, தங்களுடையது படுத்தது. "ஒரே கம்பெனி சார், ரெண்டும் ஒரே ரிமோட்டுக்கு ஆடுது" என்று மெக்கானிக் என்னுடையதில் ரிமோட்டைப் பார்க்கும் கண்ணில் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். அதன் பிறகு சண்டையில்லை.

பிறகு ஒரு படத்தைப் போட்டார். அதில் மழை. சம்பந்தி, என்னவென்று எழுதுவேன். மழை தங்கள் பக்கம் தொடங்கி, என் தலைக்கு மேலே நடந்து, முதுகுக்குப் பின்னால் போய்ப் பெய்தது. நான் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. ஒரு பெட்டியால் இது ஆகவே ஆகாது. மெக்கானிக்கும் அடுத்த வீட்டு வேலையை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வந்து நடுச் சோபாவில் அமர்ந்து கேட்க வேண்டும். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், தங்கள் முழங்கால் வலிக்கு என் விசாரிப்பையும் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெருமையாக மழையைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு மகள், "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா நீங்களும் மாமாவும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போயிடுங்க, பெட்டி வச்சிருக்கிற அந்த மூலை எங்களுக்கு வேணும்" என்றாள். எதுக்கு என்று கோபமாகத்தான் கேட்டேன். "தொட்டில் போட" என்றாள். ஞாயிறு வரை பொறுக்க வேண்டாம். கடிதம் கிடைத்ததும் கிளம்பி வாருங்கள், தாத்தா.