டேங்கர் லாரிக்குள் எங்கள் காம்பவுண்டு

வெளிச்சத்தோடு சண்டை போடுவதற்கென்றே பிறந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் ஓசூரில் ஒரே காம்பவுண்டில் எனக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். பேர் என்னவோ இருந்தது, யாரும் கேட்டுக்கொண்டதில்லை. எங்களுக்கு அவர் தெர்மாகோல் அண்ணன். கம்பெனியில் பார்சல் பிரித்துத் தூக்கிப் போடும் தெர்மாகோல் அட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு பைக்கில் வருவார். பக்கக்காற்று பலமாக அடித்தால் வண்டி தானாகவே பேரிகை ஊர் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

தெர்மாகோல் எதற்கு? படம் பிடிக்க. எதை? விரல் நீளப் பொம்மை லாரிகளை! வீடு முழுக்கச் சேர்த்து வைத்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் அத்தனை லைட் போடமாட்டார்கள். ஸ்டூல்மேல் ஒரு லாரி, இரண்டு பக்கமும் தெர்மாகோல் சுவர், பட்டர் பேப்பர் சுற்றிய டேபிள் லாம்பு, எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. பொம்மை வண்டி சேர்ப்பவர்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. வருஷா வருஷம் காலண்டர் போடுவார்கள், மாதத்துக்கு ஒரு படம். அதில் தன் வெள்ளி நிற டேங்கர் லாரி வந்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அனுப்புவார், ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள்.

"இந்த வாட்டியும் வரலைன்னா, தம்பி, எல்லா லாரியையும் மூட்ட கட்டிப் பரண்ல போட்டுடுவேன்" என்றார். சொல்லிக்கொண்டே டேங்கரைத் துடைத்து ஸ்டூல்மேல் வைத்தார்.

கோளாறு இதுதான். கம்பெனியில் அண்ணனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பளபளவென்று வரும் பார்ட்டை லைட்டில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் பண்ண வேண்டும். வீட்டிலும் அதே கை அதே பழக்கத்தில் லாம்பைத் தரையோடு தரையாகச் சாய்த்துவிடும். படத்தில் டேங்கர் தெரியாது. அதன் கீறல்கள்தான் வாய்க்கால் வாய்க்காலாக ஓடும். என் வீட்டுக்காரிதான் போட்டு உடைத்தாள்.

"ஏண்ணா, லாரியப் படம் புடிக்கச் சொன்னா எக்ஸ்ரே எடுத்து வெச்சிருக்கீங்களே!"

அண்ணன் திகைத்துப் போய் உட்கார்ந்தார். அப்புறம் துள்ளி எழுந்தார். "அப்ப லைட்டு மேல இருந்து மெத்துனு எறங்கணும்! வேட்டி! பெரிய வெள்ள வேட்டி எங்க?"

அன்றுதான் படம் அனுப்பக் கடைசி நாள். கொடியில், காம்பவுண்டிலேயே குடியிருந்த வீட்டு ஓனரின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அது டேங்கருக்குக் கூடாரமாகிவிட்டது.

குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்த ஓனர், "ஏமய்யா, நா பஞ்ச எக்கட?" என்று தெலுங்கில் வேட்டியைத் தேடினார். கூடாரத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "பொம்மைக்கு வேட்டி, எனக்குத் துண்டா?"

"ஆடாதீங்க ஓனரே! அந்த ஓரத்தக் கெட்டியாப் புடிங்க!"

அண்ணன் போட்ட அதட்டலில் அவரும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தலைவலி பின்சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே தகடு வெட்டும் பிரஸ் பட்டறை. மெஷின் 'தடக்' என்று இறங்கும்போதெல்லாம் எங்கள் சொம்புத் தண்ணீரில் வளையம் ஓடும். அத்தனை கிட்டத்தில் வைத்து எடுக்கும் படத்துக்கு அந்த நடுக்கமே போதும், கலங்கிவிடும். மெஷின் நிற்பது டீ டயத்தில் மட்டும். காத்திருந்தோம்.

தடக் நின்றது.

"டார்ச்சப் போடுங்க!" என்று அண்ணன் அலறினார். நானும் வீட்டுக்காரியும் போன் டார்ச்சை வேட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். பட்டறையில் மெஷின் ஓட்டும் மஞ்சுநாத் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "ஏனண்ணா இது, பூஜையா?" என்று கன்னடத்தில் கேட்டவர் கையிலும் ஒரு டார்ச்சைத் திணித்தாயிற்று.

"யாரும் மூச்சு வுடாதீங்க!"

க்ளிக். க்ளிக். ராக்கெட் விடுகிறவர்கள்கூட அப்படி நின்றிருக்கமாட்டார்கள். க்ளிக். அதற்குள் பட்டறையில் யாரோ அவசரக்காரர் மெஷினைப் போட்டுவிட்டார். தடக். க்ளிக்.

முதல் இரண்டிலும் பரபரப்பில் போகஸ் தப்பியிருந்தது. கடைசிப் படம் தடக்கில் கலங்கியிருந்தது. மூன்றாவது மட்டும் அத்தனை தெளிவு! ஆனால் அந்தச் சமயம் பார்த்து, உள்ளே என்னதான் நடக்கிறதென்று ஓனர் வேட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். டேங்கரின் வயிறுதான் முகம் பார்க்கும் கண்ணாடி ஆச்சே. அண்ணன் படத்தைப் பெரிதாக்கினால், அதில் வரிசையாக நாங்கள்!

மயிரிழைக் கீறலை விடாத மனிதர். ரிஜெக்ட் என்று சொல்லப்போகிறார், அத்தோடு எல்லாம் பரணுக்குப் போகப்போகிறது என்று நின்றோம். அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓனரே, துண்டுல நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். அனுப்பிவிட்டார்.

வேண்டாம் என்று பதில் வந்தது. லாரியில் ஆட்கள் தெரிகிறார்களாம். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு போனேன். அண்ணன் ஒரு கட்டுக் காலண்டரோடு வாசலில் நின்றார். கிருஷ்ணகிரியில் அச்சுப் போட்டாராம், காம்பவுண்டில் வீட்டுக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று. ஜனவரியில் எங்கள் டேங்கர். பிப்ரவரியிலும் அதே. டிசம்பர் வரைக்கும் அதேதான்!

"என்னண்ணா, பன்னெண்டு மாசத்துக்கும் ஒரே படமா?"

"எந்த மாசத்துல யார வுடறது, தம்பி? எல்லாரும் இருக்கறது இது ஒண்ணுலதான்."

அந்த வருஷம் முடிந்தும் நான் அதைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. ஓனரின் துண்டு, மஞ்சுநாத்தின் டீ டம்ளர், வீட்டுக்காரியின் சிரிப்பு, என் வழுக்கை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அண்ணன் முகம் மட்டும் கேமராவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எந்த மாதத்தைப் புரட்டினாலும் என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.