மாதாவை ரிற்றென்ஷனில் வைத்த விபரம்

கொட்டாஞ்சேனை,
வியாழக்கிழமை.

அன்பும் பக்தியும் நிறைந்த மகன் செபஸ்தியன் சுவாமி அவர்களுக்கு,

சித்தப்பா ஸ்ரனிஸ்லாஸ் முழங்காலில் நின்று எழுதுவது. கால் வீக்கத்தால் மனதில் மட்டும்தான் நிற்கிறேன். இங்கு யாவரும் சுகம். மன்னாரில் உங்களுக்குப் பூசையும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்குமென்று நம்புகிறேன்.

சுவாமி, ரிற்றென்ஷன் என்ற சொல்லைக் குருமடத்தில் படிப்பித்திருக்க மாட்டார்கள். எனக்குப் படிப்பித்தது களுபோவில ஆஸ்பத்திரி. பெரிய டொக்டர் என் காலை அமத்திப் பார்த்து, சுற்றி நின்ற ஐம்பது மாணவருக்கும் "வாட்டர் ரிற்றென்ஷன்" என்றார். வந்த தண்ணீரை உடம்பு விடமாட்டேன் என்கிறதாம். இப்படியொரு காலை உலகத்தில் கண்டதில்லை என்று அவர் வாயால் சொல்லவில்லை, முகம் சொன்னது. அடுத்துப் படிப்பித்தது நான் வேலை செய்யும் துறைமுகம். வயது போய்விட்டதென்று இந்த மாதத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்ப இருந்தவர்கள். திங்கள் காலை துரை கூப்பிட்டு, "ஸ்ரனிஸ்லாஸ், உன்னை இன்னும் ஒரு வருசம் ரிற்றென்ஷனில் வைக்கக் கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கையெழுத்தாகும்" என்றார். நான் இல்லாவிட்டால் கப்பலெல்லாம் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நிற்குமே!

இது யார் செயல்? ஞாயிறு பின்னேரம்தான் மாதா சொரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு வீட்டில் ஓர் இரவு, மறுநாள் செபமாலையோடு அடுத்த வீடு, அதுதான் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் வழக்கம். ஆனால் கையெழுத்தாகும் முன் எந்த விசரன் மாதாவை அனுப்புவான்? திங்கள் பின்னேரம் முன்வீட்டுப் புளோறன்ஸ் பாட்டுக்காரரோடு வர, வாசலை மறித்தேன்.

"அண்ணை, மாதாவைத் தாங்கோ. வீடெல்லாம் கழுவி வைச்சிருக்கிறன்."

"தரேலாது தங்கச்சி. மாதா ரிற்றென்ஷனிலை."

"ஐயோ, அதென்ன வருத்தம்?"

"வருத்தமில்லை, சட்டம்!"

அன்றிரவே கண்ணூறு படாமல் சொரூபத்தை வெள்ளைத் துணியால் மூடிவிட்டேன். இப்போது புளோறன்ஸ் என்னைக் கண்டால் சிரிக்கிறாள், பயந்துவிட்டாள். உன் சின்னம்மா மேபலும் வாய் திறக்கிறதில்லை. அவ்வளவு அடக்கம். ஆனால் அடுத்த வாரச் சனிக்கிழமை பங்குச் சுவாமி விசாரிக்க வருகிறாராம். ஆகவே, திருச்சபையில் ரிற்றென்ஷனுக்கு இடமுண்டென்று அவருக்கு ரெண்டு வரி எழுதிப் போடு ராசா. சின்னனிலை என்ரை தோளிலை இருந்துதானே நீ திருவிழா பார்த்தனி!

சித்தப்பா முறையில் என் ஆசீர் உனக்கு. சுவாமி முறையில் உங்கள் ஆசீர் எனக்குத் தபாலில் வரட்டும்.

ஸ்ரனிஸ்லாஸ்

பி.கு: வெள்ளிக்கிழமை. கையெழுத்தாகிவிட்டது! நன்றி சொல்லத் துணியை நீக்கினால் உள்ளே அந்தோனியார் நிற்கிறார். செவ்வாய் காலை நான் வேலைக்குப் போன கையோடு மேபல் மாதாவைப் புளோறன்ஸிடம் கொடுத்துவிட்டு, துணிக்குள் இவரை வைத்துவிட்டாளாம். அப்படியென்றால் வேலையைக் காப்பாற்றினவர் அந்தோனியார். பங்குச் சுவாமிக்கு ஒன்றும் எழுத வேண்டாம், அந்தோனியார் எங்கள் சொந்தம், அவரை ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்று எழுதும்போதே மேபல் எட்டிப் பார்த்து, "அவர் கொன்ஸ்ரன்ஸ் அக்கா வீட்டு அந்தோனியார். போன நத்தார்ப் பண்டிகைக்கு இரவல் வாங்கினது, நீங்கள்தான் திருப்பிக் குடுக்கேல்லை" என்கிறாள். பார்த்தாயா மகன், அந்தச் சொல்லைப் படிக்கும் முன்பே உன் சித்தப்பா நான் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்!